பாராட்டப்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை

என்னைப் பாராட்டிப் பதினேழு மணி நேரம் ஆகியிருந்தது. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் குமரேசன் அண்ணன் என்னை உள்ளே விடவில்லை.

“கேட்டத் தொறங்கண்ணா, நேரமாச்சு,” என்றேன்.

“உன்னத்தான் நேத்து பாராட்டிட்டாங்களேம்மா.”

“ஆமாண்ணா.”

“பாராட்டனவங்கள உள்ள வுடக் கூடாதுன்னு உத்தரவு.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு என் கையிலிருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

“இன்னா கொண்டாந்த?”

“சாமைச் சோறு, புளிக்குழம்பு.”

“அந்தக் கல்லு மேல உக்காந்து சாப்ட்டுட்டுப் போ. கேட்டுக்கு வெளிய சாப்படக் கூடாதுன்னு உத்தரவு எதுவும் இல்ல.”

மணி எட்டரைதான் ஆகியிருந்தது. பசிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேலை போய்விட்டது என்பது புரிய அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

எங்கள் கம்பெனியின் பெயர் மலைக்குடும்பம். ஜவ்வாது மலையில் பஸ் நின்று திரும்புகிற இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. மலை விவசாயிகளிடம் சாமையும் புளியும் வாங்குகிறார்கள். சாமையை மெஷினில் விட்டு உமி நீக்கி, பொட்டலம் போட்டு, பெரிய ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு அங்கே சோதனைப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் ஒரு மேஜை, தானியத்தின் ஈரப்பதம் பார்க்கும் ஒரு கருவி, நான்.

அங்கே யாரும் ஊழியர் இல்லை. எல்லோரும் உறவு. நிர்வாக இயக்குநர் பாண்டுரங்கனை நான் அப்பா என்று கூப்பிட வேண்டும். ஆட்களைச் சேர்ப்பதும் கவனிப்பதும் ஜெயசுதா அக்கா. சேர்ந்த அன்றே அடையாள அட்டை தந்தார்கள். பதவி என்று இருக்க வேண்டிய இடத்தில் உறவுமுறை என்று அச்சடித்து, எதிரே ‘மகள்’ என்று போட்டிருந்தது. மெஷின் ஓட்டும் பாஞ்சாலி அக்காவின் அட்டையில் ‘தங்கை’. குமரேசன் அண்ணனின் அட்டையில் ‘மைத்துனர்’. எந்த வகையில் என்று அவருக்கும் தெரியாது. லீவு வேண்டுமானால் அப்பாவிடம் நேரில் போய், “ஊருக்குப் போய்ட்டு வர்றேம்ப்பா” என்று சொல்ல வேண்டும். அவர், “என்னம்மா, அப்பாவை விட்டுட்டா?” என்று கேட்டால் லீவு இல்லை என்று அர்த்தம்.

குடும்பத்திலிருந்து யாரையும் நீக்க முடியாது. அதனால் பாராட்டுவார்கள்.

ஜெயசுதா அக்கா பஸ் ஏறிக் கீழே போய், மாலையில் ஜவுளிக்கடைப் பையோடு திரும்பினால் ஷெட்டில் பேச்சு நின்றுவிடும். புளியில் கொட்டை எடுக்கிற பெண்கள் தலை நிமிராமல், “யாருக்குடி?” என்று கேட்டுக்கொள்வார்கள். பையில் பொன்னாடை இருக்கும். மறுநாள் மூன்று மணிக்கு விழா. அதற்கு மறுநாள் அந்த ஆள் இருக்க மாட்டார்.

பொட்டலப் பிரிவில் சக்திவேல் என்று ஒருவர் இருந்தார். வாரம் ஒருநாள் கட்டாயம் விடுமுறை வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் கேட்டவர். ஜவுளிக்கடைப் பையைப் பார்த்ததும் வண்டியைக்கூட எடுக்காமல் காட்டு வழியாக மாமியார் ஊருக்கு ஓடிவிட்டார். ஆள் இல்லாவிட்டால் பாராட்ட முடியாது என்று நினைத்திருக்கிறார். அவருடைய மோட்டார் சைக்கிளை ஷெட்டின் நடுவில் நிறுத்தி, அதன் மேல் பொன்னாடை போர்த்தி, அப்பா அதனோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு நாலு பேர் அந்த வண்டியை மரியாதையாக கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய் விட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் ‘எங்கள் தம்பி சக்திவேல் புதிய உயரங்களை நோக்கி’ என்று வந்தது. நாங்கள் எல்லோரும் கைதட்டும் படம் போட்டோம். நானும் போட்டேன்.

என் விழாவில் அப்பா இருபது நிமிடம் பேசினார்.

“நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட நான் வேலையை விட்டு எடுத்ததில்ல. எடுக்கவும் மாட்டேன். பதினாலு பேரைப் பாராட்டியிருக்கேன். அந்தப் பதினாலு பேரும் இன்னிக்கு எங்க இருக்காங்கன்னு எனக்கே தெரியாது. அவ்வளவு உயரத்துக்குப் போய்ட்டாங்க. அன்பரசி அதிகம் பேசாத பொண்ணு. பேசாம இருந்த வரைக்கும் அவளை மாதிரி ஒரு மகள் எனக்குக் கிடைக்க மாட்டா. இப்ப அவளுக்கு இந்த மலை போதல. நான் அவளைப் பிடிச்சு வெச்சுக்கலாமா? அது சுயநலம் இல்லையா? அதனால நாளையிலேர்ந்து அவ பறக்கறதுக்கு நான் சம்மதிக்கறேன்.”

நான் பறக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்டிருக்கவில்லை. பொன்னாடை கழுத்தில் விழுந்தது. சிவப்பு, சரிகை ஓரம். ஜெயசுதா அக்கா போனை நீட்டி, “சிரி அன்பு,” என்றார். நான் சிரித்தேன். பிறகு அதுவே எனக்கு எதிரான முதல் ஆதாரம் ஆயிற்று.

எதற்காக என்னைப் பாராட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை பாஞ்சாலி அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. ஜெயசுதா அக்காவும் நானும் கம்பெனி ஜீப்பில் அவரை மலையிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார்.

“வீட்ல விறகு வெட்டும்போதுங்க,” என்றார் ஜெயசுதா அக்கா.

“வலது கையில கோடாலியப் பிடிச்சா எடது கைதானே வெட்டுப்படும்?”

“இவங்க எடது கைக்காரங்க டாக்டர்.”

பாஞ்சாலி அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் புது ஆட்களிடம் பேச மாட்டேன். கல்லூரியில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு என்றால் முந்தின நாளே காய்ச்சல் வரும். ஆனால் அன்றைக்கு இரண்டு வாக்கியம் பேசிவிட்டேன். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். ஜெயசுதா அக்கா திரும்பி வரும்போது ஜீப்பில் என்னோடு பேசவில்லை.

அந்த இரண்டு வாக்கியங்களை இங்கே சொல்ல முடியாது. பின்னால் பாஞ்சாலி அக்காவுக்கு வாக்குக் கொடுத்தேன். வர வேண்டிய இடத்தில் அவை வரும்.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. பொன்னாடைப் போட்டோவை ஃபிரேம் போட்டே கொடுத்திருந்தார்கள். என் அப்பா கோபால்சாமி அதைச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். ஊரில் யார் வந்தாலும் காட்டினார்.

“ஏண்டி, வேலைக்குப் போவலியா?” என்று அம்மா கேட்டாள்.

“பாராட்டிட்டாங்கம்மா.”

“அதுக்கு எத்தினி நாளு லீவு?”

நிலத்துக்குப் போய் அப்பாவோடு களை எடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலி அக்கா வந்தார். அவர் வீடு எங்களுக்கு நாலு வீடு தள்ளித்தான். கையில் பெரிய கட்டு. இருவரும் புளியமரத்துப் பக்கம் போய் நின்றோம்.

“எனுக்கு ஆயுசுக்கும் வேல தர்றேன்னு அண்ணன் சாமி மேல கைய வெச்சி சொல்லிட்டாருமா,” என்றார். அண்ணன் என்றால் பாண்டுரங்கன். “எடது கையால பொட்டலத்துக்கு லேபிள் ஒட்டற வேல. வூட்லதான் அடிபட்டுச்சுன்னு நான் சொல்லணும். அவ்ளோதான். எம் பொண்ணு கவியா பன்னெண்டாவது பட்சிக்கினு கீறா. நீ டாக்டருகிட்ட சொன்னத இன்னொரு எடத்துல சொல்லிடாத. என் வயித்துல அடிச்சிடாத.”

“சொல்ல மாட்டேங்க்கா.”

“எடது கையால கையெழுத்துப் போடக் கத்துக்கச் சொல்றாங்க. பொறந்ததுலேர்ந்தே அப்டித்தான்னு இருக்கணுமாம். ஜெயசுதா பாப்பா தெனம் ஒரு பக்கம் எழுதி வாங்குது.”

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் வாக்குக் கொடுத்தேன்.

ஆனாலும் எனக்கு வேலை வேண்டும். மலையில் வேதியியலுக்கு வேறு மேஜை கிடையாது. கீழே டவுனில் இலவச சட்ட உதவி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பிரியதர்ஷினி என்ற வக்கீல். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

“நோட்டீஸ் குடுத்தாங்களா?”

“இல்லைங்க.”

“விளக்கம் கேட்டாங்களா? விசாரணை வெச்சாங்களா?”

“விழா வெச்சாங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமையை மட்டும் விட்டுவிட்டேன்.

“மூணு வழி இருக்கு,” என்றார். “சமரச அதிகாரிகிட்ட மனுப் போடலாம். ரெண்டு பக்கத்தையும் கூப்ட்டுப் பேசுவாரு. நாப்பத்தஞ்சு நாள்ல அங்க முடியலன்னா தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போலாம். காரணம் இல்லாம எடுத்தது தப்புன்னு தீர்ப்பு வந்தா திரும்ப வேலை, இல்லன்னா இழப்பீடு.”

“மூணாவதுங்க?”

“பேசாம வூட்டுக்குப் போறது. முக்காவாசிப் பேரு அதத்தான் எடுத்துக்கறாங்க.” அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். “அவங்க எதுக்காக உன்ன அனுப்பினாங்க? அது தெரிஞ்சா பாதி கேஸ் முடிஞ்சுது.”

“தெரியலைங்க.”

“தெரியலையா, சொல்ல மாட்டியா?”

நான் சுவரைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு மனுவை எழுதத் தொடங்கினார்.

சமரச அதிகாரி தேவராஜ் நல்லவர். முதல் நாளே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த அலுவலகத்தில் யார் வந்தாலும் முதலில் டீ. குடித்து முடிக்கும் வரை வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. அதற்குப் பெயர் சமரசச் சூழல்.

“இருபத்தாறு வருஷம் சர்வீஸ்மா எனக்கு,” என்றார். “யாருக்கும் எதிரா ஒரு வார்த்தை எழுதினதில்ல. இந்த ரூமுக்குள்ள யாரும் தோத்ததில்ல. யாரும் ஜெயிச்சதும் இல்ல. அதான் என் சாதனை. சரி, வேலை நீக்க உத்தரவு எங்க?”

“குடுக்கலைங்க.”

“உத்தரவு இல்லாம எப்படிம்மா நீக்கம்? நீங்க இப்ப வேலையிலதான் இருக்கீங்க.”

“கேட்டுல உள்ள விட மாட்டேங்கறாங்க.”

“அது கேட் பிரச்சினை.”

நான் பையிலிருந்து பொன்னாடையை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுத்தரைக் கூப்பிட்டார்.

“ஆவணம் ஒண்ணு. பொன்னாடை. நெறம் சிவப்பு. எழுதிக்கய்யா. ஓரத்துல ஒரு எடத்துல சரிகை பிரிஞ்சிருக்கு, அதையும் எழுதிக்க. நாளைக்கு நாமதான் பிரிச்சோம்னு வரக் கூடாது.”

எழுத்தர் அளவு நாடா கொண்டுவந்து நீளத்தை அளந்தார்.

அடுத்த அமர்வுக்கு பாண்டுரங்கனும் ஜெயசுதா அக்காவும் வந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும் கண் கலங்கினார். “இளைச்சிட்டியேம்மா,” என்றார். டீ வந்தது. எல்லோரும் ஒன்றாகக் குடித்தோம். பிறகு ஜெயசுதா அக்கா கம்பெனியின் பதிலைப் படித்தார்.

மனுதாரர் எங்கள் ஊழியர் அல்ல, மகள். அடையாள அட்டையே சாட்சி. மகளை வேலை நீக்கம் செய்ய உலகத்தில் எந்தத் தகப்பனாலும் முடியாது. அவர் விரும்பிப் பறந்தார். போட்டோவில் சிரிக்கிறார். ஆகவே மனு தள்ளத்தக்கது.

தேவராஜ் சார் நெற்றியைத் தேய்த்தார்.

“இது சிக்கலாச்சே. மகள்னா விஷயம் என் அதிகாரத்துக்குள்ள வருமா, இல்ல குடும்பநல கோர்ட்டுக்குப் போகுமா?”

“அதத்தான் சார் நாங்களும் கேக்கறோம்,” என்றார் ஜெயசுதா அக்கா.

“சார்,” என்றேன். யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை, “சார், எனக்கு வீட்ல அப்பா இருக்கார்,” என்றேன்.

“அப்படியா? அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க. ஒருத்தருக்கு ரெண்டு அப்பா இருக்க முடியாது. அது தெளிவாய்ட்டா மேல போலாம்.”

எனவே அதற்கடுத்த அமர்வுக்கு என் அப்பா வந்தார். அன்றைக்கு நிலத்தில் ஆள் விட்டிருந்தார், அதை விட்டுவிட்டு வந்தார். பொண்ணுக்கு இன்னொரு பாராட்டு என்று நினைத்து வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். உண்மையை அவரிடம் சொல்ல எனக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம் இருந்தது. சொல்லவில்லை.

“இவங்க யாருங்க உங்களுக்கு?” என்று தேவராஜ் சார் கேட்டார்.

“எம் பொண்ணுங்க.”

“ஆதாரம்?”

அப்பா என்னைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். “மூக்கப் பாருங்க,” என்றார்.

எழுத்தர் எழுந்து வந்து இரண்டு மூக்கையும் பார்த்தார். ஒத்துப்போவதாகக் குறித்துக்கொண்டார். பாண்டுரங்கன் எழுந்து என் அப்பாவைக் கட்டிக்கொண்டார்.

“பெத்தவர் நீங்க, வளர்த்தவன் நான். பெத்தவர் மட்டும்தான் அப்பான்னு இந்த ஆபீஸ் சொன்னா நான் ஏத்துக்கறேன். ஒரு தகப்பனா அது எனக்கு வலிக்கும். ஒரு நிர்வாகியா எனக்கு ஒண்ணும் இல்ல. என்கிட்ட இன்னும் நாப்பது பிள்ளைங்க இருக்காங்க. அவங்களையும் ஒவ்வொருத்தரா நான் பறக்க வைக்கலாம்.”

“பறக்கறதுன்னா இன்னாங்க?” என்று அப்பா கேட்டார்.

எழுத்தருக்குத்தான் மனம் கேட்கவில்லை. “வேலைய வுட்டு எடுக்கறதுதாங்க பெரியவரே,” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மலை ஏறத் தொடங்கி நாலைந்து வளைவு போனபிறகுதான் பேசினார்.

“ஊரெல்லாம் காட்டினேனே. ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீங்க சந்தோஷமா இருந்தீங்கப்பா.”

“அந்த போட்டோவ எறக்கிடட்டுமா?”

“ம்.”

நான் மகள் இல்லை, ஊழியர்தான் என்று தேவராஜ் சார் ஒருவழியாகக் குறித்துக்கொண்டார். அதற்கே நாற்பது நாள் ஆகியிருந்தது. இனி ஒன்றுதான் பாக்கி. மனுவில் ‘நீக்கத்துக்கான காரணம்’ என்று ஓர் இடம். அது காலியாக இருந்தது.

“நீங்களும் சொல்ல மாட்டேங்கறீங்க. அவங்களும் சொல்ல மாட்டேங்கறாங்க,” என்றார் என்னிடம். “காரணம் இல்லைன்னா தகராறு இல்ல. தகராறு இல்லைன்னா சமரசம் பண்ண எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஃபைலை மூடிடுவேன். கடைசி அமர்வுல சொல்லிடுங்க.”

பிரியதர்ஷினி மேடம் போனில் கத்தினார். “நாளைக்கு கோர்ட்டுக்குப் போனாலும் அதத்தான் கேப்பாங்க அன்பரசி. யாரைக் காப்பாத்தற நீ?”

கடைசி அமர்வுக்குக் கம்பெனி ஒரு சாட்சியைக் கூட்டி வந்தது. பாஞ்சாலி அக்கா. கட்டு பிரித்திருந்தார்கள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். விழாவில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்று அவர் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்தார், உடனே தரையைப் பார்த்தார். டீ வந்தபோது இடது கையால் வாங்கினார். பாதி சாசரில் சிந்தியது.

“பொறவியிலேயே எடது கைங்க சார்,” என்று ஜெயசுதா அக்கா யாரும் கேட்காமலே சொன்னார்.

அப்போது பாண்டுரங்கன் எழுந்தார். பையிலிருந்து ஒரு புதுப் பொன்னாடையை எடுத்து உதறினார். பச்சை.

“வழக்கு எப்படி முடிஞ்சாலும் சரி, தேவராஜ் ஐயாவோட பொறுமையை நான் கௌரவிக்காம போக முடியாது.”

தேவராஜ் சார் நாற்காலி பின்னால் விழ எழுந்தார். பீரோ வரை போய்விட்டார்.

“வேணாம்! எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு!”

“சார், ஒரு மரியாதைக்குத்தான்,” என்றார் எழுத்தர்.

“மரியாதைக்குத்தான்யா பயப்படறேன். ஃபைலை முழுசா படிச்சவன் நான். அதை வெளிய கொண்டுபோகச் சொல்லு. வாசல்ல வெக்கச் சொல்லு.”

அவருக்கு வியர்த்துவிட்டது. எழுத்தர் நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். பாண்டுரங்கன் பொன்னாடையை மெல்ல மடித்தார். அவர் முகம் வாடியது. இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பேசாமல் உட்கார்ந்திருந்தால் அன்றே ஃபைல் மூடியிருக்கும். ஆனால் அவரால் நின்றுகொண்டு பேசாமல் இருக்க முடியாது.

“ஒரு பொன்னாடையைப் பாத்து ஒரு அதிகாரி பயப்படற காலம் வந்துடுச்சு. அது என் தப்பில்ல. நான் யாரையும் கஷ்டப்படுத்தினதில்ல. கஷ்டப்படறவங்க என் கண்ணுல படாத மாதிரி பாத்துக்கறேன். அவ்வளவு எளகின மனசு எனக்கு. பரவாயில்ல. வாங்கினது வீண் போகக் கூடாது. வர்ற வெள்ளிக்கிழமை இதை நம்ம பாஞ்சாலிக்கே போத்திடறேன்.”

ஜெயசுதா அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் அவர் சொல்லி முடித்திருந்தார்.

“எனுக்காண்ணா?” என்று பாஞ்சாலி அக்கா கேட்டார்.

“ஆமா தங்கச்சி. உனக்கு ஓய்வு வேணாமா?”

“ஆயுசுக்கும்னு சொன்னீங்களேண்ணா.”

“மனசுல ஆயுசுக்கும் இருப்பம்மா.”

“லேபிள் ஒட்றது கொஞ்சம் மெதுவாத்தான் ஆவுது. அதுக்காவாண்ணா?”

“அட, அதெல்லாம் இல்ல. நீ பறக்கணும்.”

பாஞ்சாலி அக்கா கொஞ்ச நேரம் அந்தப் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த அமர்வு தொடங்கியதிலிருந்து அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார்.

“அன்பு, நீ எனுக்குக் குடுத்த வாக்கு போதும்மா. வுட்ரு.”

எனக்கு வாய் திறந்தது. நாற்பது நாளுக்கு மேலாக உள்ளே வைத்திருந்த இரண்டு வாக்கியங்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. அவர் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“நீ இரு. நானே சொல்றேன்,” என்றார்.

வலது கையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். எழுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சார், அந்த அம்மாவுக்கு மனசு சரியில்ல,” என்று ஜெயசுதா அக்கா ஆரம்பித்தார். “விறகு வெட்டும்போது...”

“நீ செத்த சும்மா இரு பாப்பா.” பாஞ்சாலி அக்காவின் குரல் உயரவில்லை. “இந்தப் பொண்ண ஏன் அனுப்புனாங்கன்னு ஒரு எடம் காலியாவே கீதாமே சார். எழுதிக்கிறீங்களா?”

தேவராஜ் சார் பாண்டுரங்கனைப் பார்த்தார். கதவுக்கு வெளியே பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைத் திறந்தார்.

“சொல்லுங்கம்மா.”

“நான் பொறந்ததுலேர்ந்து சோத்தாங்கைக்காரிங்க. வூட்ல வெறகும் வெட்டல, ஒண்ணும் வெட்டல. அன்னிக்கி போட்டோ எடுக்க வெளியூருலேர்ந்து ஆளுங்க வந்திருந்தாங்க. சாமை அரைக்கிற மெஷினு மேல கம்பி மூடி போட்டிருக்கும். அது இருந்தா போட்டோல தானியம் தெரியலன்னு அண்ணன்தான் கழட்டச் சொன்னாரு. கழட்டிட்டோம். மெஷின நிறுத்திட்டு எடுங்கண்ணான்னு நான் கேட்டேன். இந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு எல்லாத்தியும் பாத்துது, டாக்டருகிட்டயும் அதத்தான் சொல்லிச்சு. ஓடனாத்தான் சாமை கொட்டும், அப்பத்தான் போட்டோ உசுரோட இருக்கும், கை நல்லாத் தெரியற மாரி உள்ள வுட்டு அள்ளுன்னாரு.”

பேனா நின்றிருந்தது. அவர் அது மறுபடி நகரும் வரை காத்திருந்தார்.

“அள்ளுனேங்க.”